விண்ட்ஷீல்டு பை: தேர்வு முதல் கடைசி போல்ட் வரை

பக்கப் பெட்டி இரண்டு, பின்பெட்டி ஒன்று, டேங்க் பை ஒன்று என எல்லாம் மாட்டிய வண்டியிலும், டோலில் நிற்கும்போது கையுறையைக் கழற்றி ஜாக்கெட்டைத் துழாவ வேண்டித்தான் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் பைக்குக்குப் பெரும்பாலும் டோல் இல்லை. ஆனால் பெங்களூரில் நைஸ் ரோட்டிலும் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்திலும் நம்மிடமும் வசூல் உண்டு. அதற்கான சில்லறை, ஹெல்மெட் கண்ணாடி துடைக்கும் துணி, காது அடைப்பான், கூலிங் கிளாஸ் ஆகியவற்றை வைக்கத்தான் விண்ட்ஷீல்டின் உட்புறம் மாட்டும் இந்தச் சின்னப் பை.

பை சின்னதுதான், அது உட்காரும் இடம்தான் வில்லங்கமானது. டேங்க் மேல் கட்டிய பை வண்டியின் உடம்போடு இருக்கும். விண்ட்ஷீல்டு பை பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். அதனால் கடையில் எல்லாரும் முதலில் கேட்கும் "எவ்வளவு கொள்ளும்?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அது எதில் தொங்கப்போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விண்ட்ஷீல்டு எதில் நிற்கிறது?

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். விண்ட்ஷீல்டும் சேர்ந்து திரும்பினால் அது ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டையில், நிற்கிறது. அவெஞ்சர் குரூஸ் 220, சூப்பர் மீட்டியர் 650 டூரர், ஹார்லி ரோடு கிங் ஆகியவை இந்த ரகம். ஹார்லி ஸ்ட்ரீட் கிளைடின் அகலமான பேட்விங் (வௌவால் இறக்கை வடிவ) ஃபேரிங்கை, அதாவது முன்புற உறையை, பார்த்தால் சேஸிஸில் பதித்ததுபோல் தோன்றும். ஆனால் அதுவும் ஃபோர்க்கில்தான் தொங்குகிறது. ரோடு கிளைடு, கோல்டு விங் போன்றவற்றில் ஃபேரிங் சேஸிஸில் நிற்பதால், ஹேண்டில் திரும்பினாலும் விண்ட்ஷீல்டு அசையாது.

திரும்பும் வகையாக இருந்தால் பையும் உள்ளே இருப்பவையும் சேர்ந்து அரை கிலோவைத் தாண்ட வேண்டாம். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத, அனுபவத்தில் வைத்துக்கொள்ளும் எல்லை. ஸ்டியரிங் அச்சுக்கு முன்னாலும் உயரத்திலும் சேரும் எடை, வேகத்தில் ஹேண்டில் ஆடத் தொடங்கினால் அந்த ஆட்டம் சீக்கிரம் அடங்கவிடாது. பக்கப் பெட்டிகளிலும் எடை ஏறி, பின்சக்கரக் காற்றும் குறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஹோசூர் தாண்டி 100 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும் இடத்தில்தான் அது தெரியவரும். எடை ஒரு பக்கமாகச் சாய்வதும் தொந்தரவுதான். கனமான பொருள் ஏதாவது இருந்தால் நடு அறைக்குத்தான் போக வேண்டும். திரும்பாத வகையில் ஒரு கிலோ வரை போகலாம். அங்கே எல்லை வைப்பது ஸ்டியரிங் இல்லை, விண்ட்ஷீல்டைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டுகள்.

மூன்று விதமான பிடிப்பு

முதல் வகை, இடையில் செருகுவது. பையின் மேல் விளிம்பில் துளைகள் உள்ள ஒரு பட்டை இருக்கும். அது விண்ட்ஷீல்டுக்கும் ஃபேரிங்குக்கும் நடுவே போய், விண்ட்ஷீல்டின் சொந்த போல்ட்டுகளாலேயே நசுக்கிப் பிடிக்கப்படும். பேட்விங் வண்டிகளுக்கு இதுதான் சரி, நன்றாகவும் நிற்கும். வாங்கும்போது வண்டியின் ஆண்டைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். 2013 வரையிலான பேட்விங்குக்கும், காற்று வாயுடன் 2014இல் வந்த ஃபேரிங்குக்கும் பட்டையின் வடிவமே வேறு. அதற்குப் பிறகும் ஃபேரிங் மாறியிருக்கிறது. பழையதைப் புதியதில் வலுக்கட்டாயமாகத் திணித்தால் அந்தக் காற்று வாய் அடைபடும். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறோம்.

இரண்டாம் வகை, ஸ்ட்ராப். உயரமான குரூஸர் விண்ட்ஷீல்டுகளில் உட்புறம் குறுக்கே ஓடும் இரும்புப் பட்டையில் சுற்றிக் கட்டுவது. நம் ஊர் வண்டிகளுக்குப் பெரும்பாலும் இதுதான் பொருந்தும். போல்ட்டைத் தொட வேண்டாம், கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம். குறை என்னவென்றால், மேலே மட்டும் கட்டினால் பையின் அடிப்பகுதி ஊசலாடும். மேலே இரண்டு, கீழே குறைந்தது ஒன்று என்று மூன்று இடத்தில் பிடிப்பு இல்லாத பையை வாங்குவது வீண்.

மூன்றாம் வகை, ஒட்டுவது. விண்ட்ஷீல்டின் உட்புறத்தில் டூயல் லாக் (ஒன்றையொன்று கவ்வும் பிளாஸ்டிக் பட்டை) அல்லது கனமான வெல்க்ரோ ஒட்டி அதில் பையைப் பதிப்பது. குறுக்குப் பட்டையே இல்லாத சின்ன விண்ட்ஷீல்டுக்கு வேறு வழி இல்லாதபோது மட்டும் இதைப் பாருங்கள். 200 கிராமுக்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

அட்டை வெட்டி அளப்பது

பையை வாங்கிவந்து பொருத்திப் பார்ப்பதைவிட, ஒரு பழைய அட்டைப் பெட்டியை வெட்டி அளப்பது மலிவு. குறுக்குப் பட்டையின் இரு பிராக்கெட்டுகளுக்கு நடுவே உள்ள அகலம், பட்டையிலிருந்து மீட்டரின் மேல் விளிம்பு வரை உள்ள உயரம், விண்ட்ஷீல்டிலிருந்து ஹேண்டில் வரை உள்ள ஆழம் ஆகிய மூன்றையும் எடுங்கள். ஆழத்தை ஹேண்டில் நேராக இருக்கும்போது மட்டும் எடுத்தால் போதாது. சேஸிஸில் நிற்கும் விண்ட்ஷீல்டாக இருந்தால், ஹேண்டிலை முழுக்க இடமும் வலமும் ஒடித்துவைத்து அளக்க வேண்டும். அங்கே கிளட்ச் லீவரும் பிரேக் எண்ணெய் டப்பாவும் விண்ட்ஷீல்டை நோக்கி வரும். ஃபோர்க்கில் நிற்பதாக இருந்தால் டேங்க் பையோடு இடிக்கிறதா என்று பாருங்கள்.

கிடைத்த அளவில் அகலத்தில் பக்கத்துக்கு 20 மி.மீ., ஆழத்தில் 25 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். பொருள் நிரம்பினால் பை உப்பும். காலியான பையை அளந்து வாங்குகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

அந்த அளவில் அட்டையை வெட்டி மாஸ்கிங் டேப்பில் ஒட்டிவிட்டு சீட்டில் உட்காருங்கள். முன்சக்கரத்துக்கு 5 மீட்டர் தள்ளி ஒரு தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். தாடையைத் தூக்காமல் அது தெரிய வேண்டும். பெங்களூர்ப் பள்ளங்களும் பெயின்ட் அடிக்காத வேகத்தடைகளும் சரியாக அந்த 5 மீட்டரில்தான் முளைக்கும். மீட்டரின் எச்சரிக்கை விளக்குகள், சாவித் துவாரம், ஹார்ன் பட்டன் எதையும் அட்டை மறைக்கக் கூடாது. அட்டையோடு அக்கம்பக்கத்தில் ஒரு சுற்று போய்வந்தால் இன்னும் நல்லது. யூ-டர்ன் அடிக்கும்போதுதான் கட்டைவிரல் இடிப்பது தெரியும்.

துணியும் ஜிப்பும்

600டி பாலியஸ்டர் சாதாரணம் (டி என்பது டெனியர், இழையின் தடிமனைக் குறிக்கும் அளவு). 1000டி கார்டூரா நீடிக்கும். ஆனால் நனையாமல் காப்பது துணியின் தடிமன் அல்ல, உட்புறப் பூச்சும் தையலும்தான். தண்ணீர் துணியைத் துளைத்து வருவதில்லை, ஊசித் துளை வழியாக வருகிறது. தையல்களின் உட்புறத்தில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பையைத் திருப்பிப் பாருங்கள். டேப் இல்லாமல் "வாட்டர் ப்ரூஃப்" என்று அச்சிட்டிருந்தால் அது தூறலுக்கு மட்டும். மாலை 5 மணிக்கு இந்த ஊரில் கொட்டும் மழை தூறல் வகையைச் சேர்ந்ததல்ல. நனைந்தாலும் தேங்காமல் இருக்க அடியில் 6 மி.மீ. ஐலெட் (வளையம் பதித்த வடிகால் துளை) ஒன்றாவது இருக்க வேண்டும்.

ஜிப்பின் மேல் ஒரு மடிப்பு விழ வேண்டும், இழுப்பான் கையுறையோடு பிடிக்கிற அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். வாய்க்குக் காந்த மூடி வைத்த பைகள் வசதிதான். ஆனால் பக்கத்தில் போன் இருந்தால் அதன் திசைகாட்டி குழம்பும், வழிகாட்டும் மேப் கண்டபடி சுழலும். நிறம் மங்கலான கருப்பாக இருக்கட்டும். ஒளிரும் பட்டை வைத்த பை கடையில் அழகாக இருக்கும். இரவில் பின்னால் வரும் லாரியின் ஹெட்லைட் அதில் பட்டு விண்ட்ஷீல்டின் உட்புறத்தில் கோடு கோடாகத் தெரியும்.

தைத்துக்கொள்வதாக இருந்தால்

அளவுக்கு ஏற்ற பை கிடைக்காவிட்டால் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் சீட் கவர் தைக்கும் கடைகள் இருக்கின்றன. தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். ஆனால் "விண்ட்ஷீல்டு பை" என்று பொதுவாகச் சொன்னால் சீட் கவர் ரெக்ஸினில் ஒரு சுருக்குப் பை கைக்கு வரும். அட்டை மாதிரியைக் கொடுத்து இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, நூல் பருத்தி வேண்டாம், தடிமனான பாலியஸ்டர் போடுங்க. தையல் இடைவெளி 3 மில்லி. ஸ்ட்ராப் சேர்ற இடத்துல பெட்டி மாதிரி சுத்தி, நடுவுல பெருக்கல் குறி அடிச்சுடுங்க." பருத்தி நூல் மழையிலும் வெயிலிலும் ஓராண்டில் இற்றுவிடும். பையின் முதுகுக்குள் 2 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் தகடு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அந்த விறைப்பு இல்லாத பை காற்றில் படபடக்கும். செருகும் வகையாக இருந்தால் பட்டையின் துளைகளைச் சூடான கம்பியாலோ தோல் குத்தும் பஞ்சாலோ போட வேண்டும். கத்தரியால் நறுக்கிய துளை போல்ட்டு இறுகும்போது கிழிந்துகொண்டே போகும்.

மாட்டுவதற்கு முன்

விண்ட்ஷீல்டு பாலிகார்பனேட்டா, அக்ரிலிக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓரத்தில் சின்னதாக முத்திரை இருக்கும். லெக்ஸான் என்று இருந்தால் பாலிகார்பனேட், பிளெக்ஸிகிளாஸ் என்று இருந்தால் அக்ரிலிக். இரண்டையும் கழுவ சோப்புத் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். அமோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே, பெட்ரோல், தின்னர் எதுவும் கிட்டவே வரக் கூடாது. பாலிகார்பனேட்டில் போல்ட்டைச் சுற்றி நூல்நூலாக விரிசல் விட இவை காரணம். அக்ரிலிக்கில் ஆல்கஹாலும் வேண்டாம்.

தேவையானவை: 4, 5 மி.மீ. ஆலன் கீ அல்லது வண்டிக்குரிய டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட், 8, 10 மி.மீ. ஸ்பேனர், நைலான் வாஷர்கள், மாஸ்கிங் டேப், ஒரு பழைய பெட்ஷீட். செருகும் வகைக்கு ஏற்கெனவே உள்ள போல்ட்டைவிடப் பட்டையின் தடிமன் அளவுக்கு, அதாவது 2 முதல் 4 மி.மீ. நீளமான போல்ட்டுகளும் வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய போல்ட்டே போதும் என்று மாட்டினால் மரையில் இரண்டு சுற்றுதான் பிடித்திருக்கும். எம்5 (5 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டு குறைந்தது 5 மி.மீ. மரைக்குள் இறங்கியிருக்க வேண்டும். எஸ்.பி. ரோடு போல்ட் கடைகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சில்லறையாகவே கிடைக்கும்.

செருகும் வகை

பெட்ஷீட்டை மட்கார்டின் மேலும் டேங்க் மேலும் விரித்துப் போடுங்கள். கீறலைத் தடுப்பது பாதிக் காரணம், ஃபேரிங்குக்குள் விழப்பார்க்கும் வாஷரைப் பிடிப்பது மீதிக் காரணம். ஒருவர் விண்ட்ஷீல்டைப் பிடித்துக்கொள்ள, பக்கத்துப் போல்ட்டுகளை முதலில், நடுவிலுள்ளதைக் கடைசியில் கழற்றுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விண்ட்ஷீல்டை மேல்நோக்கி உருவி, மெத்தென்ற இடத்தில் உட்புறம் மேலே தெரியும்படி வையுங்கள். அடியில் உள்ள ரப்பர் பட்டை காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுவதற்கு இதுதான் நேரம். வெல் நட் எனப்படும் ரப்பர் நட்டுகளையும் அழுத்திப் பாருங்கள். கல்லாகிப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பையின் பட்டையைத் துளைகளுக்கு நேராக வைத்து மாஸ்கிங் டேப்பால் நிறுத்துங்கள். விண்ட்ஷீல்டை மீண்டும் இறக்கி, நடுப் போல்ட்டை விரலால் மட்டும் நான்கு சுற்று ஏற்றுங்கள். பிறகு பக்கத்தில் உள்ளவை. துளை நேராக வரவில்லை என்றால் போல்ட்டை முடுக்கி இழுத்துக்கொண்டு வராதீர்கள், பட்டையில் உள்ள துளையை வேண்டுமானால் 1 மி.மீ. பெரிதாக்குங்கள். விண்ட்ஷீல்டின் துளை போல்ட்டைவிட ஓரிரு மில்லிமீட்டர் பெரிதாக இருப்பது தவறுதலாக அல்ல. அரை மீட்டர் அகலப் பாலிகார்பனேட் தகடு 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.4 மி.மீ. நீளும். அந்த இடத்தை விட்டுவைக்காவிட்டால் போல்ட்டே விண்ட்ஷீல்டைப் பிளக்கும். புதுத் துளை போடும் யோசனையும் வேண்டாம். சாதாரண டிரில் பிட் அக்ரிலிக்கில் கடைசி அரை மில்லிமீட்டரில் கவ்வி இழுத்து, விரிசலோடுதான் வெளியே வரும்.

இறுக்குவது நடுவிலிருந்து பக்கத்துக்கு, இரண்டு தவணையாக. வண்டிக் கையேட்டில் கொடுத்த அளவுதான் முதல் அதிகாரம். அது கையில் இல்லையென்றால், ரப்பர் நட்டில் போகும் எம்5 போல்ட்டுக்கு 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாதவர்கள் ஆலன் கீயின் நீண்ட பக்கத்தைப் போல்ட்டுக்குள் விட்டுக் குட்டைப் பக்கத்தை இரண்டே விரலால் திருப்புங்கள். அப்படிப் பிடித்தால் அதற்கு மேல் இறுக்க விரலுக்கு வலு இருக்காது. போல்ட்டு கழலாமல் இருக்க மரையில் பூசும் பசையை இங்கே பயன்படுத்தவே கூடாது. அது பாலிகார்பனேட்டில் பட்டால் சில நாளில் விரிசல் காணும். உலோக நட்டாக இருந்தால் நைலாக் நட்டு (கழலாமலிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடுங்கள், போல்ட்டின் ஒன்றிரண்டு மரை வெளியே தெரிய வேண்டும்.

ஸ்ட்ராப் வகை

விண்ட்ஷீல்டின் உட்புறத்தைக் கழுவிக் காயவிட்டு, பை படப்போகும் இடத்தில் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒரு துண்டு ஒட்டுங்கள். துணி மெத்தென்று இருந்தாலும் இடையில் சிக்கும் புழுதி உப்புத்தாள்போலத் தேய்க்கும். மூன்று மாதத்தில் அந்தச் சதுரம் மட்டும் வெளிறித் தெரியும்.

மேல் ஸ்ட்ராப்புகளைக் குறுக்குப் பட்டையில் சுற்றுங்கள். பட்டைக்குப் பின்னால் ஒயர் ஓடினால் அதைச் சேர்த்துக் கட்டாதீர்கள். பை சமமாகத் தொங்குகிறதா என்று சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கீழ் ஸ்ட்ராப்பைப் போடுங்கள். கீழ் ஸ்ட்ராப்பை கிளட்ச் கேபிளிலோ பிரேக் ஹோஸிலோ கட்டுவதைப் பார்க்க முடிகிறது. கையருகே அவைதான் தென்படும் என்பதால் இந்தத் தப்பு நடக்கிறது. விண்ட்ஷீல்டு பிராக்கெட்டில் மட்டும் கட்ட வேண்டும். மிச்ச நீளத்தை 50 மி.மீ. விட்டு வெட்டி, முனையை லைட்டரில் உருக்கி, ரப்பர் வளையத்துக்குள் செருகுங்கள். இதையெல்லாம் பையைக் கையில் கழற்றிவைத்துச் செய்யுங்கள். தொங்கும் வார் 80 கிலோமீட்டர் வேகத்தில் டேங்க் பெயின்ட்டைச் சாட்டைபோல் அடிக்கும்.

ஒட்டும் வகைக்கு ஒரே சேதி, பொறுமை. பாலிகார்பனேட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்து, டிசம்பர் காலைக் குளிரில் இல்லாமல் மத்தியானத்தில் ஒட்டி, 15 விநாடி அழுத்துங்கள். இவ்வகை ஒட்டுப்பசைக்கு முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். அன்று மாலையே பையை மாட்டிப் புறப்பட்டவர்கள் அதை நெடுஞ்சாலையில் விட்டுவிட்டு வருவார்கள்.

ஓட்டிப் பார்ப்பது

இன்ஜினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை முழுக்க இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது, பையைக் கழற்றாமல் கிளம்பக் கூடாது. கிளட்சையும் பிரேக்கையும் இரண்டு முனையிலும் பிடித்துப் பாருங்கள். பிறகு காலிப் பையோடு 40, 60, 80 என்று ஏற்றிப் பார்த்துவிட்டு, பொருளை வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள்.

100 கிலோமீட்டர் ஆனதும் போல்ட்டுகளை ஒருமுறை பாருங்கள். நசுங்கிய துணி சற்று அமுங்கியிருக்கும், கால் சுற்று எடுக்கும். அதன்பின் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும்.

தொந்தரவு வந்தால்

பை மாட்டியபின் ஹெல்மெட் அதிர்கிறது, தலைக்குள் டமடமவென்று சத்தம் என்றால் பலரும் விண்ட்ஷீல்டின் உயரத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அதன் அடியில் இருக்கிறது. விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு. அடியில் உள்ள இடைவெளி வழியாகக் கொஞ்சம் காற்று வந்து அதைச் சமன்செய்கிறது. பை அந்த இடைவெளியை அடைத்தால் மேலே தாண்டி வரும் காற்று சுழன்று தலையில் விழும். பையை 30 மி.மீ. உயர்த்திக் கட்டினாலே பாதி குறையும். செருகும் வகையில் உயர்த்த முடியாது, அறை குறைந்த பையாக மாற்றுவதுதான் வழி.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கிறீச்சென்று சத்தம் வந்தால் ஜிப் இழுப்பான்தான். ஒரு துண்டு ஹீட் ஷ்ரிங்க் டியூபை (சூடுபட்டால் சுருங்கும் குழாய்) போட்டு மூடிவிடுங்கள். ஹேண்டில் ஒரு பக்கம் லேசாக இழுத்தால் முதலில் பையைக் காலி செய்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் பையைச் சந்தேகிக்காமல் டயரையும் ஸ்டியரிங் பேரிங்கையும் பாருங்கள். போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல் தெரிந்தால் அது அதிக இறுக்கம், அல்லது ரசாயனம், அல்லது இரண்டும். அந்த விண்ட்ஷீல்டு இனி நம்பத்தக்கதல்ல. 100 கிலோமீட்டர் வேகத்தில் கால் சதுர மீட்டர் விண்ட்ஷீல்டை ஏறக்குறைய 10 கிலோ பாரத்துக்குச் சமமாகக் காற்று தள்ளுகிறது.

எதை வைக்கக் கூடாது

பவர் பேங்க் வேண்டாம். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் கருப்புத் துணிக்குள் வெயிலில் நிறுத்திய வண்டியில் அந்தச் சூட்டைத் தாண்டுவது சுலபம். சானிடைசர் பாட்டில் கசிந்தால் அக்ரிலிக் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டி பிளாஸ்டிக்கையே இளக்கும். சாவிக்கொத்தும் ஸ்பேனரும் டேங்க் பைக்குப் போகட்டும். லைசென்ஸ், ஆர்.சி. இரண்டையும் டிஜிலாக்கரில் காட்டினாலே செல்லும் என்பதால் அசலை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏலகிரி அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது வெளியிலிருந்து கைவிட்டு எடுக்கக்கூடிய இடம் இது.

ஜூன் வருவதற்கு முன் ஒருமுறை கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஜிப்பில் மெழுகுவர்த்தியை இரண்டு முறை தேய்த்துவிட்டு மாட்டுங்கள். அடியில் உள்ள ஐலெட்டில் ஒரு தீக்குச்சியை விட்டுப் பாருங்கள். கோடைப் புழுதி பெரும்பாலும் அதை அடைத்திருக்கும்.